பங்கனபள்ளி வாங்கினோம், கிளிமூக்கு காய்த்தது!

கேள்வி: ஆறு வருஷத்துக்கு முன் வெளியூர் நர்சரி ஒன்றில் பங்கனபள்ளி என்று 40 ஒட்டு மாங்கன்று வாங்கி நட்டோம். இப்போது பாதி மரங்களில் கிளிமூக்கு ரக மாங்காய் காய்க்கிறது. சில மரங்களில் நாராகச் சின்னப் புளிப்புக் காய்! வெட்டிவிடலாமா?
- குடியாத்தம் வாசகர்

பதில்: அவசரப்பட்டு வேரோடு எடுக்காதீர்கள். இங்கே நடந்திருப்பது இரண்டு வேறு தவறுகள். கிளிமூக்கு வந்தவை, நர்சரியில் ஒட்டுக்குச்சியோ (ஒட்டுக்கட்ட தாய்மரத்திலிருந்து வெட்டும் குச்சி) கன்றுப் பையோ கலந்தவை. கிளிமூக்கு வருஷம் தவறாமல் காய்ப்பது, கூழ் ஆலைக்குப் போவது. அதன் குச்சி தாராளமாகக் கிடைக்கும். நாட்டுக் காய் வந்த மரங்களில் மேலே கட்டிய ஒட்டு செத்து, வேர்ச்செடியே (ஒட்டைத் தாங்கும் அடிக்கன்று) தழைத்திருக்கலாம். அடித்தண்டில் ஒரு சாண் உயரத்தில் ஒட்டின் புடைப்பைத் தேடுங்கள். மரம் அந்தப் புடைப்புக்குக் கீழிருந்து கிளம்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். நட்ட புதிதில் ஒட்டுக்குக் கீழே வரும் தளிரைக் கிள்ளாமல் விட்டதன் விளைவு இது.

இரண்டுக்கும் வைத்தியம் மறு ஒட்டுதான். காய் இறக்கியதும் தண்டை மூன்றடி உயரத்தில் சாய்வாக அறுங்கள்; கீழ்க்கிளை ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள், மரம் வாடாது. வெட்டுவாயில் பூஞ்சணம் பிடிக்காமல் போர்டோ பசை தடவுங்கள்: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தனித்தனியே 5 லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துக் கலக்க வேண்டும். வெடித்து வரும் தளிர்களில் நான்கைந்தை நிறுத்தி, பென்சில் பருமன் வந்ததும் ஒட்டுக் கட்டலாம். குச்சி, நீங்களே பழம் தின்று பார்த்த மரத்தினுடையதாக இருக்கட்டும். குச்சி வெட்ட ஒரு வாரம், பத்து நாள் முன்பே காம்பை மட்டும் விட்டுவைத்து இலையை நறுக்கிவிட்டால் மொட்டு திரண்டு நிற்கும், ஒட்டும் பிடிக்கும். மூன்றாம் வருஷம் காய் பார்க்கலாம்.

கேள்வி: இலையைப் பார்த்தே ரகம் கண்டுபிடிக்க முடியுமா?
- காட்பாடி வாசகி

பதில்: சின்னக் கன்றில் அதை நம்பக் கூடாது. தாய்மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மே மாதம் போனால் காயோடு பார்க்கலாம். காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். விதை விற்பனை உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். ரசீதில் 'மாங்கன்று' என்று மொட்டையாக எழுதினால் ஏற்காதீர்கள். ரகப் பெயரும் எண்ணிக்கையும் தேதியும் இருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அதுதான் ஆதாரம். வண்டியில் கொண்டுவந்து விற்பவரை அடுத்த வருஷம் எங்கே தேடுவீர்கள்? நவ்லாக் அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலும் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: இலவம்பாடி முள்ளுக்கத்தரி நாற்று வாங்கினேன். முள்ளே இல்லை!
- ஆற்காடு வாசகர்

பதில்: 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயருக்கு மவுசு கூடிவிட்டது. இலையிலும் தண்டிலும் காயின் தொப்பியிலும் முள் இருந்தால்தான் அது இலவம்பாடி. நாற்றாக வாங்காமல், வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் விளைவிப்பவரிடம் காயைப் பார்த்து விதை வாங்குங்கள். அடுத்த வருஷத்துக்கு விதை எடுப்பதானால் வேறு கத்தரியிலிருந்து 200 மீட்டர் தள்ளி நடுங்கள். அருகில் இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும்.