லயத்து வீட்டில் பாதுகாப்புக்கு ஷாட்கன் வைத்துக்கொள்ளலாமா?

கந்தப்பளைப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் (ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்) இருக்கிறோம், இரண்டு தடவை திருடன் வந்துவிட்டான், இரவில் அம்மா தனியாக இருக்கிறார், ஷாட்கன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். துவக்கு இருந்த வீட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெரியப்பா வெலிமடையில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டார். பன்றித் தொல்லைக்காக லைசன்ஸோடு 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துவக்கு ஒன்று வைத்திருந்தார். ஷாட்கனுக்குக் குறியே பார்க்க வேண்டாம், ரவை, அதாவது தோட்டாவின் சிறு குண்டுகள், விசிறி மாதிரி பரவும் என்று நானும் நம்பியிருந்தேன். ஒருநாள் பழைய பலகைக் கதவைத் தோட்ட ஓரத்தில் நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று சுட்டுக் காட்டினார். ஒரே ஓட்டை, சின்னப் பிள்ளையின் கைப்பிடி அளவுகூட இல்லை. பின்னால் சாத்தியிருந்த தகரமும் கிழிந்திருந்தது.

ரவை பரவத் தூரம் வேண்டும். கெஜத்துக்கு ஓர் அங்குலம் என்பது தோராயக் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அது எங்கே பரவும்? குறி தப்பினால் அத்தனையும் தப்பும். பெரிய ரவைத் தோட்டா ஒன்றில் பெரும்பாலும் 9 குண்டுகள், ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்கு மேல். பலகையையும் தகரத்தையும் அது சட்டை செய்யாது. அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

துவக்கைப் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் வைத்தால் அவசரத்துக்கு உதவாது. நிரப்பி வைத்தால் வீட்டுப் பிள்ளைக்கே ஆபத்து. பெரியப்பா பூட்டித்தான் வைத்தார், திருடனுக்காக அதை ஒருநாளும் எடுத்ததில்லை.

சட்டத்தையும் பாருங்கள். இலங்கையின் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டப்படி லைசன்ஸ் கட்டாயம், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். தற்காப்பு உரிமையை 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தருகிறது, ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அது இடம் கொடுக்காது. ஓடுகிற திருடனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்லித் தப்புவது கஷ்டம்.

83 ஜூலைக் கலவரம் மாதிரி மறுபடி வந்தால் என்ன செய்வது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அந்த ஜூலையில் என் அப்பாவும் அம்மாவும் கைக்குழந்தையோடு தேயிலைச் செடிக்குள் இரவெல்லாம் படுத்துக் கிடந்தவர்கள். வந்தது கூட்டம். இரட்டைக்குழலில் இரண்டு வெடி, அப்புறம்? சத்தம் போடாமல் கிடந்ததால்தான் பிழைத்தோம் என்று அப்பா கடைசி வரை சொன்னார்.

இன்னொன்று. வாசலில் கம்பி இழுத்து, அதில் கால் பட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அது சட்டவிரோதம், விறகுக்குப் போகிறவருக்கும் திருடனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

கதவுக்கு உள்ளே குறுக்குக் கட்டை, வாசலில் விடியும் வரை எரியும் லைட், ஒரு நாய், தலைமாட்டில் ஒரு விசில். லயத்தில் விசில் கேட்டால் பத்து வீடு எழும். அம்மாவின் போனில் போலீஸ் அவசர நம்பர் 119ஐயும் அடுத்த வீட்டு நம்பரையும் போட்டு, இருட்டிலேயே அழுத்திப் பழக்கிவிடுங்கள்.