வளவு வீட்டில் சுண்டெலித் தொல்லை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய சந்தில், நடுவே முற்றமும் பொதுக் குழாயும் உள்ள பழைய ஓட்டு வளவில் ஆறு குடித்தனங்கள் இருக்கிறோம். நான்கு மாதமாகச் சுண்டெலித் தொல்லை தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் பொறி வைத்து 11 எலிகளைப் பிடித்துவிட்டோம், ஆனாலும் குறையவில்லை. பக்கத்துக் குடித்தனத்தாரின் அடுப்படி சுத்தமில்லை என்று நான் சொல்லப்போக, பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. இப்போது அவர்கள் வடையில் எலிப் பசையைத் தடவி நடையில் வைக்கிறார்கள். எனக்கு 3 வயதில் மகன் இருக்கிறான். என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: முதலில் அந்த வடை நடையிலிருந்து இன்றே அகல வேண்டும். மனத்தாங்கலை ஒதுக்கி வைத்துவிட்டு, நீங்களே அந்த வீட்டு அம்மாவிடம் போய்ப் பேசுங்கள். பற்பசை போலக் குழாயில் அடைத்து விற்கப்படும் அந்தப் பசையில் பெரும்பாலும் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். அதற்கு முறிவு மருந்து கிடையாது. தின்ற குழந்தை முதல் நாள் வாந்தி எடுத்து, அடுத்த ஓரிரு நாள் தெளிந்துவிட்டதுபோலத் தோன்றும். பெற்றோர் நிம்மதி அடைந்திருக்கும் அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். இந்தக் காரணத்தாலேயே 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. எந்தக் குழந்தையாவது வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலும், வாந்தி எடுக்க வைக்காமல், தெளிந்துவிட்டதே என்று காத்திராமல், 108-ஐ அழைத்து, அந்தப் பசையின் உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

11 எலிகளைப் பிடித்தும் ஏன் குறையவில்லை என்பதற்கு வருவோம். சுண்டெலி ஏறத்தாழ 20 நாள் சுமந்து ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் போடும். அந்தக் குட்டிகளும் ஏழெட்டு வாரத்திற்குள் தாங்களே ஈனும் பருவத்துக்கு வந்துவிடும். நீங்கள் ஒரு வீட்டில் பிடிக்கிற வேகத்தைவிட மற்ற ஐந்து வீடுகளில் பெருகுகிற வேகம் அதிகம். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வளவுகளில் குடித்தனங்களுக்கு இடையே இருப்பது ஒரே சுவர், மேலே ஓடுவது ஒரே கூரை. ஓட்டுக்கும் சுவர்த்தலைக்கும் நடுவே உள்ள சந்தும், மின்கம்பிக்காகத் துளைத்த ஓட்டையும் ஆறு வீட்டையும் ஒரே வீடாக்கிவிடுகின்றன. ஒரு பென்சில் நுழையும் ஓட்டை, அதாவது 6 மில்லிமீட்டர் இருந்தாலே சுண்டெலிக்குப் போதும்.

நான் வளர்ந்ததும் வடக்கு மாசி வீதிப் பக்கத்து வளவு ஒன்றில்தான். அங்கும் இதே சண்டை வந்தது. எங்கள் அம்மா எதிர் வீட்டைக் குறை சொன்னார். அவர்கள் எங்களைச் சொன்னார்கள். வளவிலிருந்த பாட்டி ஒருவர் ஒரு நாள் இரவு எல்லோர் வாசலிலும் சுவரோரமாகக் கோலப்பொடியை மெல்லத் தூவி வைத்தார். காலையில் பார்த்தால், புள்ளி வைத்ததுபோலச் சிறு சிறு காலடிகளும், அவற்றின் நடுவே வால் இழுபட்ட மெல்லிய கோடுமாகத் தடம் தெரிந்தது. அந்தத் தடம் எதிர் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லுக்குப் பின்னால், எப்போதோ கைவிடப்பட்ட கழிவுநீர்த் துளைக்குள் போய் முடிந்தது. அந்தத் துளையின் விளிம்பு எலிகள் உரசி உரசிக் கருத்துப் பளபளத்தது. அம்மா அன்று மாலையே எதிர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். இதை உங்கள் வளவிலும் செய்து பாருங்கள். கல்மாவில் செய்த கோலப்பொடியாக இருக்கட்டும், அரிசி மாவு எலிக்கு விருந்தாகிவிடும்.

தடம் தெரிந்தபின், ஆறு வீடும் கூடி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீடு மட்டும் செய்தால் எலி அடுத்த வீட்டுக்கு நகருமே தவிரப் போகாது. அரிசி, பருப்பு, கடலை எல்லாம் இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்துக்கும் தகர டின்னுக்கும் மாறட்டும். பிளாஸ்டிக் டப்பாவைக் கடித்துத் துளைத்துவிடும். எச்சில் பாத்திரத்தை இரவு முற்றத்தில் போட்டுவைக்கும் வழக்கத்தை ஆறு வீடும் விட வேண்டும். பூஜை மாடத்தை மறந்துவிடுகிறோம்: எண்ணெய் ஊறிய விளக்குத் திரியைக்கூட எலி இழுத்துப் போகும், எரியும் திரியாக இருந்தால் ஆபத்து.

அன்றிரவே எல்லா வீட்டிலும் சேர்த்துப் பொறி வையுங்கள். வீட்டுக்கு ஒன்று போதாது, மூன்று நான்காவது வேண்டும். சுண்டெலி தன் கூட்டிலிருந்து சில மீட்டர் தூரத்துக்குள்தான் பெரும்பாலும் நடமாடும் என்பதால், பொறியை அறையின் நடுவில் வைத்துப் பயனில்லை. தடம் தெரிந்த சுவரை ஒட்டி, இரை உள்ள முனை சுவரைப் பார்க்கும்படி, பிள்ளைகளின் கை எட்டாத இடுக்கில் வையுங்கள். வறுத்த கடலையை வெல்லத்தோடு இடித்து, பட்டாணி அளவு ஒட்டினால் போதும். பெரிய துண்டு வடையாக இருந்தால் ஓரத்தைக் கொறித்துவிட்டுப் போய்விடும். ஒட்டுப் பசை அட்டையை மட்டும் வாங்காதீர்கள். இரவெல்லாம் ஓர் உயிர் அதில் கிடந்து துடிப்பதைப் பார்த்தபின் எனக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. வில்லுப் பொறி நொடியில் முடித்துவிடுகிறது.

வெளிச்சுவரிலும் சாக்கடை வாயிலும் உள்ள ஓட்டைகளை முதலிலேயே அடையுங்கள். பொறியில் எலி விழுவது நின்றபின் உள் ஓட்டைகளையும் அடைக்கலாம். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை இறுகத் திணித்து மேலே சிமென்டு பூசினால் எலியால் கடித்துத் திறக்க முடியாது. துணியோ காகிதமோ வைத்தால் அதையே எடுத்துக் கூடு கட்டிக்கொள்ளும். எலிப் புழுக்கையை வறண்ட துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூசி மூச்சில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்துச் சில நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள். ஐப்பசி மழையில் முற்றத்தில் தண்ணீர் தேங்கும் நாள்களில், எலி மூத்திரம் கலந்த அந்த நீரில் காலில் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வீட்டில் எலி இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கூரைச் சந்தை அடைப்பது உங்கள் செலவு அல்ல. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு எழுதிக்கொள்ளாத வரை, கட்டடப் பழுதை உரிமையாளரின் பொறுப்பிலும் சாக்கடைத் துப்புரவை வாடகைதாரரின் பொறுப்பிலும் வைக்கிறது. ஆறு பேரும் கையெழுத்திட்ட ஒரே கடிதமாகக் கொடுங்கள். அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்தைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரவில் கீச்சிட்டபடி சுவரோரம் ஓடும் மூஞ்சூறையும் கொல்ல வேண்டுமா? பிள்ளையார் வாகனம் என்று வீட்டில் தடுக்கிறார்கள்.
– வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டாம். நீண்டு கூர்த்த மூக்கும், கடுகு போன்ற கண்ணும், கெட்ட வாடையும் உள்ள மூஞ்சூறு எலி இனமே அல்ல. அது கரப்பான்பூச்சியையும் மற்றப் பூச்சிகளையும் தேடித் தின்பது. மூட்டையைக் கொறிப்பதும் துணியைக் கத்தரிப்பதும் அதன் வேலையல்ல. வெறுங்கையால் பிடித்தால் கடிக்கும். கதவைத் திறந்துவைத்து, துடைப்பத்தால் சுவரோரமாகவே ஓட்டிவிடுங்கள், அது சுவரை விட்டு விலகாமல் வாசலைப் பிடித்துவிடும். பிறகு கதவின் அடியில் ஒரு தகரப் பட்டை அடித்துவிடுங்கள்.