மேட்டுச் சாலைகளில் சைக்கிள் பயணம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சமதரையில் ஒரே நாளில் 80 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓட்டுகிறேன். குன்றும் பள்ளமுமான கிராமப்புறச் சாலைகளில், சுமையோடு எவ்வளவு தூரம் திட்டமிடலாம்?

பதில்: கிலோமீட்டரை மட்டும் நம்பித் திட்டம் போட்டால், இருட்டிய பிறகும் சாலையில்தான் இருப்பீர்கள். அன்றைய பயணம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை முடிவு செய்வது மொத்த ஏற்றம். அதாவது, வழியில் ஏறும் ஒவ்வொரு மேட்டின் உயரத்தையும் கூட்டினால் வரும் தொகை. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் ஒரே உயரத்தில் இருந்தாலும், இடையில் 1,000 மீட்டர் ஏறி இறங்க வேண்டியிருக்கலாம்.

ஓட்டுபவர், சைக்கிள், சுமை மூன்றும் சேர்ந்து 95 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு பழக்கமுள்ள ஒருவர் பல மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய உழைப்பு 100 முதல் 130 வாட். இந்த உழைப்பில் ஒரு மணி நேரத்தில் 350 முதல் 450 மீட்டர் உயரம்தான் ஏற முடியும். 8 சதவீத ஏற்றத்தில் (100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரும் சாலையில்) இது மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நடை வேகம்.

கையோடு போட்டுப் பார்க்க ஒரு எளிய கணக்கு: சமதரை வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூட்டுங்கள். 60 கிலோமீட்டர், 1,000 மீட்டர் ஏற்றம் என்றால் 4 மணி நேரமும் 100 நிமிடமும் ஆகும். ஓய்வு, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் இதற்கு மேல். முதல் இரண்டு நாட்களை 50 கிலோமீட்டர், 800 மீட்டர் ஏற்றத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கால் வலி பெரும்பாலும் மூன்றாம் நாள்தான் தெரியவரும்.

கேள்வி: செயலியில் பாதை போட்டால் திடீரென்று 25 சதவீத ஏற்றம் என்று காட்டுகிறது. நேரில் போனால் அப்படி எதுவும் இல்லை. ஏன்?

பதில்: செயலிகள் சாலையை அளப்பதில்லை, தரையின் உயரத் தரவை எடுத்து, அதன் மேல் சாலைக் கோட்டைப் போர்த்துகின்றன. உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படும் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்டது. அதில் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி சுமார் 30 மீட்டர். செங்குத்தான மலைப்பக்கத்தை வெட்டிப் போட்ட சாலையில், அடுத்தடுத்த இரு புள்ளிகளில் ஒன்று சாலையிலும் மற்றொன்று பாறை முகட்டிலும் விழுந்துவிடும். உடனே பொய்யாக ஒரு ஏற்றம் முளைக்கும். சுரங்கப்பாதை இருந்தால் அதற்கு மேலுள்ள மலையையும், பாலம் இருந்தால் கீழேயுள்ள ஆற்றுப் படுகையையும் நீங்கள் ஏறி இறங்குவதாகக் கணக்காகும். இப்படித்தான் மொத்த ஏற்றமும் வீங்கிப்போகிறது.

சந்தேகமான இடங்களைச் சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைப்பவை) உள்ள வரைபடத்தில் சரிபாருங்கள். 1:50,000 அளவு வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்பது 500 மீட்டர். கோட்டுக்குக் கோடு உயர வேறுபாடு 20 மீட்டர் என்றால், சாலை ஒரு சென்டிமீட்டருக்குள் இரண்டு கோடுகளைக் கடந்தால் 8 சதவீதம், மூன்று என்றால் 12. இந்த வேறுபாடு வரைபடத்துக்கு வரைபடம் மாறும். ஓரத்தில் அச்சிட்டிருப்பதை முதலில் பாருங்கள்.

சராசரியையும் நம்பாதீர்கள். 10 கிலோமீட்டரில் 500 மீட்டர் ஏற்றம், சராசரி 5 சதவீதம் என்று போட்டிருக்கும். நடுவில் 2 கிலோமீட்டருக்கு 100 மீட்டர் இறக்கம் இருந்தால், மீதி 8 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏறியாக வேண்டும். அதாவது 7.5 சதவீதம். அந்த வேறுபாடு முழங்காலில் தெரியும்.

கேள்வி: ஒரே ஊருக்கு இரண்டு மூன்று சாலைகள் இருக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: சாலை எதற்காகப் போடப்பட்டது என்று யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும். சரக்கு லாரிகளுக்காகப் போட்ட மலைச் சாலை பெரும்பாலும் 5 முதல் 7 சதவீதத்துக்குள் வளைந்து வளைந்து ஏறும். தூரம் அதிகம், ஆனால் சீராக மிதிக்கலாம். வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் போகும் சின்னச் சாலைகள் பழைய நடைபாதையின் மேலேயே தார் போட்டவையாக இருக்கும். அவை குன்றை நேராக ஏறும். 15 சதவீதத்தைத் தாண்டுவதும் சாதாரணம். கைவிடப்பட்ட ரயில் தடம் சைக்கிள் பாதையாகியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அவை பெரும்பாலும் 2, 3 சதவீதத்தில் நின்றுவிடும்.

அடுத்து, நிலத்தின் போக்கைப் பாருங்கள். ஆற்றின் ஓரமாகவோ மலை முகட்டின் மேலாகவோ நீளவாட்டில் போகும் சாலை, ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு அவ்வளவாகத் துன்புறுத்தாது. பள்ளத்தாக்குகளைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலைதான் ஆளைக் கரைக்கும். 80 மீட்டர் இறங்கி, ஓடையைக் கடந்து, 80 மீட்டர் ஏறி, மறுபடியும் அதே கதை. ஒவ்வொரு ஏற்றமும் சிறியதுதான் என்பதால் வரைபடத்தில் கண்ணில் படாது. பத்து ஓடைகளைக் கடந்தால் 800 மீட்டர் ஏற்றம். ஒரு கணவாயை ஒரேயடியாக ஏறுவதைவிட இது கடினம் என்பது எங்கள் கருத்து. கால் ஒரு தாளத்துக்கு வருவதற்குள் இறக்கம் வந்துவிடும். கீழே குறுகிய வளைவும் ஒற்றைப் பாலமும் இருப்பதால், இறங்கிய வேகத்தை அடுத்த மேட்டுக்குப் பயன்படுத்தவும் முடியாது.

கணவாயின் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சாய்வு என்றால், செங்குத்தான பக்கம் ஏறி சாய்வான பக்கம் இறங்குங்கள். 12 சதவீதத்தை மிதிக்க முடியாவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம், ஆபத்து ஒன்றுமில்லை. அதே 12 சதவீதத்தில் சுமையோடு, ஈரச் சாலையில் இறங்குவது அப்படியல்ல.

நேரமும் முக்கியம். காலையில் மேற்குச் சரிவும், பிற்பகலில் கிழக்குச் சரிவும் நிழலில் இருக்கும். வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். அதனால் பிற்பகலில் இறங்குபவருக்கு எதிர்க்காற்று. மலைகளில் இடியும் மழையும் பிற்பகலில்தான் அதிகம் சேரும். உச்சியை நண்பகலுக்கு முன் கடந்துவிடுங்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், உடம்பில் வியர்வை வேறு. உச்சியில் நின்று காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்ட பிறகே இறங்குங்கள்.

கேள்வி: என் சைக்கிளில் முன்னால் சிறிய பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல். ஏற்றத்தில் முழங்கால் வலிக்கிறது.

பதில்: சுமை ஏற்றிய சைக்கிளுக்கு இந்த கியர் கனமானது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் சுமார் 2.6 மீட்டர் நகரும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 32 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியிலும் முழு பாரமும் முழங்காலில் இறங்கும். முன்னால் 22 பல், பின்னால் 34 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர், அதே வேகத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று. பின் கேசட்டை (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுப்பை) மட்டும் மாற்றினால் போதும் என்று எண்ண வேண்டாம். பின் டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கருவி) எத்தனை பல் வரை தாங்கும் என்று பாருங்கள், செயினின் நீளமும் கூட வேண்டும். செயின் குட்டையாக இருந்து பெரிய பல்சக்கரம் இரண்டிலும் ஒரே நேரத்தில் விழுந்தால் டீரெய்லரையே பிய்த்துவிடும்.

கேள்வி: நீண்ட இறக்கத்தில் டியூப் வெடித்தது. முள்ளோ ஆணியோ இல்லை.

பதில்: உங்களுடையது ரிம் பிரேக்காக (சக்கர விளிம்பை, அதாவது ரிம்மை, அழுத்திப் பிடிக்கும் பிரேக்காக) இருந்தால், சூடுதான் முதல் சந்தேகம். 95 கிலோ 500 மீட்டர் கீழே இறங்கும்போது சுமார் 466 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். ஒரு பங்கைக் காற்று தடுத்து வாங்கிக்கொள்ளும். மீதி பிரேக் வழியாக ரிம்முக்குப் போகிறது. ரிம் சுட்டால் உள்ளே காற்றழுத்தம் ஏறும், ரிம்மின் உட்புறம் டியூபைக் காக்கும் ரிம் டேப் இளகும், டயர் விளிம்பு நழுவும்.

பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்குவதுதான் பெரும்பாலும் காரணம். நேரான இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து மார்பில் காற்று வாங்குங்கள். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். செங்குத்தும் வளைவும் சேர்ந்து இப்படி விட இடமே தராத சாலையில், இடையிடையே 10 நிமிடம் நிறுத்தி ஆற விடுங்கள். சக்கர நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கில் டியூப் தப்பிக்கும், ஆனால் அழுத்தும் பேட் கண்ணாடிபோல் வழவழப்பாகிப் பிடிப்பை இழக்கும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். விரலால் தொட்டும் பார்க்காதீர்கள்.

கேள்வி: இறக்கத்தில் ஹேண்டில்பார் தானாக ஆடத் தொடங்குகிறது.

பதில்: ஆடும் அந்த நொடியில் இரண்டு முழங்காலாலும் மேல் குழாயை இறுக்கிப் பிடியுங்கள். ஹேண்டிலை இறுக்காமல், பிரேக்கை மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். சுமை முழுவதும் பின் கேரியரில், அதுவும் உயரத்தில் இருப்பதுதான் வழக்கமான காரணம். கனமானவற்றைப் பைகளின் அடியில் வையுங்கள். முடிந்தால் மூன்றில் ஒரு பங்கை முன் சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகப் பிரித்துக் கட்டுங்கள். கேரியர் திருகுகளும் ஹெட்செட்டும் (ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்) தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி: கடையே இல்லாத பகுதியில் என்னென்ன உதிரிகள் அவசியம்?

பதில்: டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், பிரேக் பேட் ஒரு ஜோடி, கியர் கேபிள் ஒன்று, செயின் இணைப்புக் கண்ணி, டீரெய்லரை ஃபிரேமில் மாட்டும் ஹேங்கர். ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு, அவசரத்துக்கு எங்கும் கிடைக்காது. ஸ்போக்ஸ் கம்பியில் உங்கள் சக்கரத்துக்கான எல்லா நீளத்திலும் இரண்டிரண்டு எடுங்கள். உடைவது பெரும்பாலும் பின் சக்கரத்தில், கேசட் இருக்கும் பக்கம். கேசட்டைக் கழற்றும் கருவி இல்லாவிட்டால் கம்பி கையில் இருந்தும் மாட்ட முடியாது.