தசைநார் ஒட்டிய சிடார் வில்: எப்போது நாண் ஏற்றலாம்?

கேள்வி: அமெரிக்காவில் மிசௌரியில் இருக்கிறேன். கிழக்குச் சிவப்பு சிடாரில் 120 செ.மீ. நீள வில் ஒன்று செதுக்கி, முதுகில் (எய்பவருக்கு எதிர்ப்புறம் இருக்கும் பக்கம்) மான் தசைநார் ஒட்டி இரண்டு வாரம் ஆகிறது. தொட்டால் காய்ந்திருக்கிறது. ஒரு முனையில் மட்டும் நார் லேசாகப் பிரிகிறது. நாண் ஏற்றலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மேலே விறைத்திருந்தாலும் அடியில் நாரை ஒட்டியிருக்கும் வஜ்ஜிரம் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) இன்னும் ஈரமாகத்தான் இருக்கும்.

பெயர் சிடார் என்றாலும் உங்கள் மரம் ஜூனிப்பர் இனம். அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவையில் சட்டென்று முறியும். வில் வளையும்போது முதுகுதான் இழுபடுகிறது, அந்த இழுவையை வாங்கிக்கொள்ளத்தான் தசைநார். கலிபோர்னியா, நெவாடா பகுதிப் பூர்வகுடிகள் இதே இன மரத்தில் குட்டையான வில்களைச் செய்தார்கள். 1911-இல் வெளியுலகுக்கு வந்த யாஹி இனத்தவரான இஷி, சால்மன் மீன் தோலைக் காய்ச்சிய பசையால் நாரை ஒட்டிய விதத்தை மருத்துவர் சாக்ஸ்டன் போப் எழுதி வைத்திருக்கிறார். நெவாடாவில் வில்லுக்காகக் கட்டை பிளந்தெடுத்த தழும்போடு ஜூனிப்பர் மரங்கள் இன்றும் உயிரோடு நிற்கின்றன.

காய்ந்ததா என்று கைக்குத் தெரியாது, தராசுக்குத்தான் தெரியும். வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வாருங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் சரி. நார் காயக் காயச் சுருங்கி, வில்லை நாணுக்கு எதிர்ப்பக்கமாக வளைக்கும். அது நல்ல அறிகுறி. மெல்லிய ஒற்றை அடுக்குக்கே ஒரு மாதமாவது ஆகும், தடித்தால் பல மாதம். நிழலும் காற்றும் போதும். வெயிலில் வைத்தாலோ ஹீட்டர் பக்கத்தில் வைத்தாலோ மேற்பரப்பு மட்டும் முந்திக் காய்ந்து வெடிக்கும்.

முனை பிரிவதற்குப் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். இந்த மரத்திலேயே எண்ணெய் உண்டு, நாரில் கொழுப்பு தங்கியிருக்கலாம், கைப்பிசுக்கும் சேரும். முழுதும் காய்ந்த பிறகு அந்த இடத்தை மட்டும் வெந்நீரில் நனைத்து நாரைத் தூக்கி, சோப்பு நீரால் துடைத்து, வஜ்ஜிரத்தை நீர்க்கக் காய்ச்சி உள்ளே செலுத்தி நூலால் இறுக்கிச் சுற்றுங்கள். சூடு 60 டிகிரி செல்சியஸ் போதும். கொதித்தால் பசை பலமிழக்கும். முழு அடுக்கும் கழன்றால்கூடக் கவலை இல்லை: வெந்நீரில் ஊறவைத்து நாரை மீட்டு மறுபடி ஒட்டலாம்.

எல்லாம் காய்ந்த அப்புறம், முதலில் நீளமான தளர்ந்த நாணைக் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழக்குங்கள். இந்த நீளத்துக்கு 50 செ.மீ. இழுப்போடு நிறுத்துவது நல்லது. சடசடவென்று சத்தம் கேட்டால் உடனே விட்டுவிடுங்கள். மழை நாளில் இந்த வில்லை வெளியே எடுக்காதீர்கள். ஈரம் பட்டால் வஜ்ஜிரம் இளகிவிடும்.