பழைய செயின்சோ: கயிற்றை இழுக்க முதல் சைலன்சரைக் கழற்றுங்கள்

மரமறுக்கும் மெசின் பற்றித் திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். எஞ்சினை முதல்முறை திறப்பவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம்.

பெரியப்பா பாவித்த ஹஸ்க்வார்னா 61 ஒன்று பல வருடமாகக் கொட்டிலில் கிடந்தது. கயிறு இழுபடுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. நான் எஞ்சின் வேலை செய்து பழக்கமில்லாதவன். புதுக் காபரேட்டர் போடச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது? – வாசகர், மூதூர்

காபரேட்டருக்குக் காசு கொடுக்க முதல் பிஸ்டனைப் பாருங்கள். அதற்குச் சிலிண்டரைக் கழற்றத் தேவையில்லை. பிளக்கைக் கழற்றி, முன்னால் உள்ள சைலன்சரையும் கழற்றினால் சிலிண்டரின் புகைவாய் தெரியும். கயிற்றை மெல்ல மெல்ல இழுத்துப் பிஸ்டனை ஏற்றி இறக்கி, டோர்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் பக்கம் வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கோடு கோடாய்க் கீறி, நகம் வைத்தால் தடக்கினால் அந்தப் பிஸ்டன் முடிந்துவிட்டது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் புகைவாய்க்கு நேரே வரும்போது தென்னை ஈர்க்கால் அழுத்துங்கள். உள்ளே போய்த் தானாக வெளியே வரவேண்டும். அசையாவிட்டால் கரி பிடித்து இறுகியிருக்கிறது. இந்த வேலைக்கு ஆணியோ ஸ்குறூ டிரைவரோ வேண்டாம்; பிஸ்டனில் புதுக் கீறல் விழுந்துவிடும்.

கீறல் இல்லையென்றால் சைலன்சரைத் திரும்பப் பூட்டிக் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பாருங்கள். மோட்டார் சைக்கிள் கராஜில் அதை அளக்கும் கேஜ் இரவல் வாங்கலாம். 14 மில்லிமீற்றர் மரை உள்ளது வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்க, அக்சிலேட்டரை முழுதாய் அழுத்திப் பிடித்து, முள் ஏறாமல் நிற்கும் வரை இழுங்கள். 150 பிஎஸ்ஐ அல்லது அதற்கு மேல் என்றால் சந்தோஷம். 120 என்றால் ஓடும், களைத்த எஞ்சின். 100க்குக் கீழே என்றால் புதுக் காபரேட்டர் போட்டும் பயனில்லை. ஒரு எச்சரிக்கை: கேஜின் வால்வு பிளக் துவாரத்துக்குள் திருகும் நுனியிலேயே இருக்கவேண்டும். கார் எஞ்சினுக்கான சில கேஜ்களில் அது மறுமுனையில் இருக்கும். சின்ன எஞ்சினில் அந்தக் குழாய் நிறையவே பாதிக் காற்று போய்விடும். நல்ல எஞ்சினுக்கும் குறைவாகவே காட்டும்.

கொம்பிரஷன் சரியென்றால் அடுத்தது பிளக்கில் விழும் பொறி, அதற்கடுத்தது பெற்றோல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கழற்றக் கழற்ற போனில் படம் எடுங்கள். ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே முட்டைத் தட்டின் குழிகளில் போட்டு வையுங்கள். நீளமான ஆணியைக் கட்டையான துவாரத்தில் திருகி மரையை அழிப்பதுதான் புதியவர்கள் கையில் நடக்கும் முதற் சேதம். சிலிண்டரைக் குளிர்விக்கும் தகட்டுச் செட்டைகளுக்கிடையில் ஒயிலும் மரத்தூளும் சேர்ந்து கட்டியாகியிருக்கும். ஒரு குச்சியால் முழுதாய்ச் சுரண்டி எடுங்கள். காற்றுப் படாத செட்டைதான் எஞ்சினைச் சூடேற்றிக் கொல்கிறது.

இன்னொன்று. இலங்கையில் செயின்சோ பதிவு செய்யவேண்டிய பொருள். பெரியப்பாவின் பெயரில் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சீரியல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பொலிஸ் நிலையத்தில் விசாரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

புதுப் பிளக் போட்டும் பொறி இல்லை. கொயில் போய்விட்டதா? – வாசகர், உப்புவெளி

இருக்கலாம், ஆனால் பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் கொயில் கடைசிச் சந்தேகம். முதலில் ஓன்–ஓஃப் சுவிச்சிலிருந்து கொயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். பொறி வந்தால் கொயிலில் பிழையில்லை. சுவிச்சோ, தோலுரிந்து எஞ்சினில் முட்டும் வயரோதான் காரணம். பிளக்கைப் பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டாம், உள்ளிருந்து பெற்றோல் ஆவி வரும். தள்ளி, செட்டை ஒன்றில் உலோகம் முட்டப் பிடித்து, நிழலில் பாருங்கள். பிளக் இடைவெளி 0.5 மில்லிமீற்றர்.

அப்படியும் இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றுங்கள். கடற்கரையோரம் கிடந்த மெசினில் பிளைவீலின் (கயிறு இழுக்கச் சுழலும் சக்கரத்தின்) காந்தமும் கொயிலின் கால்களும் செந்துருவாய் இருக்கும். இரண்டையும் மெல்லிய மட்கடதாசியால் வெள்ளையாகும் வரை தேயுங்கள். பிறகு கொயில் ஆணிகளைத் தளர்த்தி, நடுவில் ஒரு விசிட்டிங் கார்ட்டைச் செருகி, காந்தம் கொயிலை இழுத்துப் பிடிக்கும்போது இறுக்குங்கள். கார்ட்டை உருவினால் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் இடைவெளி கிடைக்கும். இவ்வளவும் செய்து பொறி வராவிட்டால் கொயில் வாங்கலாம். பொறி இருந்தும் கயிறு கையை வெட்டி இழுத்தால், பிளைவீலைத் தண்டில் நிறுத்தும் சாவி அறுந்து ரைமிங் (பொறி விழும் நேரம்) நகர்ந்திருக்கலாம்.

காபரேட்டர் வாயில் கொஞ்சம் பெற்றோல் விட்டால் இரண்டு செக்கன் ஓடி நின்றுவிடுகிறது. – வாசகர், தம்பலகாமம்

நல்ல செய்தி. கொம்பிரஷனும் பொறியும் இருக்கின்றன, தாங்கியிலிருந்து பெற்றோல் வரவில்லை, அவ்வளவுதான்.

தாங்கிக்குள் உள்ள குழாயைக் கொக்கியால் வெளியே இழுங்கள். பழைய குழாய் கல்லாய் இறுகி வெடித்திருக்கும், இல்லையென்றால் ஊறிக் கொழகொழத்திருக்கும். மடித்துப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும். வெடித்த குழாய் பெற்றோலுக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும். குழாயையும் நுனியில் உள்ள வடியையும் சேர்த்து மாற்றுங்கள், இரண்டும் மலிவு.

அடுத்தது காபரேட்டர். முழுதாய் வாங்கவேண்டாம்; உடலில் பொறித்திருக்கும் வால்புரோ, டிலொட்சன், சாமா என்ற கம்பனிப் பெயரையும் இலக்கத்தையும் காட்டி டயபிரம் (மெல்லிய சவ்வு) கிட் கேளுங்கள். பழைய டயபிரத்தை விரலால் தட்டிப் பாருங்கள். காய்ந்த வெற்றிலை போல் சரசரத்தால் அதுதான் நோய். புதியது துணி மாதிரி வளையவேண்டும். பூட்டும்போது பலர் தடுமாறும் இடம் இது: வால்புரோவிலும் சாமாவிலும் பெரும்பாலும் மீற்றரிங் பக்கத்தில் (குட்டி நெம்புகோல் உள்ள பக்கம்) உடலை ஒட்டி முதலில் காஸ்கட், அதற்கு மேல் டயபிரம். பெற்றோலை உறிஞ்சும் பம்ப் பக்கத்தில் அது தலைகீழ்: உடலை ஒட்டி டயபிரம், மேலே காஸ்கட். மாறிப் பூட்டினால் மெசின் ஒருநாளும் ஓடாது. உள்ளே உள்ள குட்டி நெம்புகோலைக் கழற்ற முதல் அதன் உயரத்தைப் படம் எடுத்து வையுங்கள். உயர்ந்தால் பெற்றோல் வழியும், தாழ்ந்தால் எஞ்சின் பட்டினி. துவாரங்களுக்குள் கம்பி விடவேண்டாம். காபரேட்டர் கிளீனரைத் தெளித்து ஊதினால் போதும்.

எச், எல் என்ற இரண்டு ஊசித் திருகுகளைக் கழற்ற முதல், மெதுவாக உள்ளே முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறியுங்கள். குறிப்பு இல்லையென்றால் பெரும்பாலானவற்றுக்கு ஒவ்வொன்றும் முட்டியதிலிருந்து ஒரு சுற்று வெளியே என்று வைத்துத் தொடங்கலாம். முட்டிய பிறகும் இறுக்கினால் ஊசி நுனி நசியும்.

இதே பக்கமிருந்து இன்னொருவர், பத்து நிமிடம் ஓடி நிற்கிறது, தாங்கி மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார். மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே போகிறதல்லவா? தாங்கியின் காற்றுவழி அடைபட்டிருக்கிறது. அதைத் துப்புரவாக்குங்கள், வேறொன்றையும் தொடவேண்டாம்.

புதுப் பிஸ்டன் போட்டேன். இரண்டாவது தாங்கிப் பெற்றோல் முடியமுதல் அதுவும் கீறிவிட்டது. கடைக்காரர் போலிப் பிஸ்டன் தந்துவிட்டாரா? – வாசகர், கிண்ணியா

பிஸ்டனைக் குறை சொல்லமுதல் கலவையைச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் வீட்டில் இருக்கும் படகு எஞ்சின் ஒயிலைக் கலந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதன் போத்தலில் ரிசி–டபிள்யூ3 (TC-W3) என்று இருக்கும். தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்காகச் செய்தது. செயின்சோ காற்றால் மட்டும் குளிர்கிறது, சிலிண்டர் மிகக் கூடுதலாய்ச் சூடேறும், அந்தச் சூட்டில் இந்த ஒயில் தாக்குப்பிடிக்காது. படகுத் தாங்கியில் மிஞ்சிய மண்ணெண்ணெய் கலந்த எரிபொருள் இன்னும் மோசம்: எஞ்சின் உள்ளே தட்டத் தொடங்கும், பிஸ்டன் தலை கரையும்.

காற்றுக்குளிர் எஞ்சினுக்கான தரமான 2ரி (டூ-ஸ்ட்ரோக்) ஒயில் என்றால் 50:1, அதாவது 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர். தரம் தெரியாத சாதாரண 2ரி ஒயில்தான் கிடைக்கிறதென்றால் 25:1, அதே 5 லீற்றருக்கு 200. கண்ணளவு வேண்டாம், மருந்துக்கடைச் சிரிஞ்சால் அளவுங்கள். ஒரு மாதத்துக்குப் போதுமானதை மட்டும் கலவுங்கள்.

கலவை சரியாக இருந்தும் கீறினால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. அடையாளம், அக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் உடனே இறங்காமல் இரைந்துகொண்டு நிற்கும். வழக்கமான குற்றவாளிகள் காபரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இறப்பர், பிளைவீலுக்கும் கிளச்சுக்கும் பின்னால் உள்ள இரண்டு ஒயில் சீல்கள். சைலன்சருக்கும் காபரேட்டருக்கும் அடியில் சைக்கிள் டியூப் துண்டு வைத்து வாய்களை அடைத்து, காபரேட்டருக்குத் துடிப்பு போகும் சிறு துவாரத்தால் 0.5 பார் (இது அழுத்த அளவு) காற்று ஏற்றுங்கள். 20 செக்கன் இறங்காமல் நிற்கவேண்டும். இறங்கினால் சவர்க்காரத் தண்ணீரைத் தடவுங்கள், குமிழ் காட்டிக்கொடுக்கும். அழுத்தத்தைக் கூட்டிவிட்டால் நல்ல சீலும் பிதுங்கலாம். பிறகு உள்ளே உள்ள காற்றைப் பம்பால் உறிஞ்சியும் பாருங்கள். காற்றுக்குத் தாங்கும் சீல் சில வேளை உறிஞ்சும்போது விட்டுக்கொடுக்கும். உறிஞ்சல் 0.5 பாரிலிருந்து 20 செக்கனில் 0.3க்குக் கீழே போகக்கூடாது.

சீலுக்குப் போகக் கிளச்சைக் கழற்றவேண்டும். அது இடதுகை மரை, கடிகார முள் சுற்றும் திசையில்தான் கழலும். பலர் மறுபுறம் திருகி உடைப்பது இங்கேதான். பிஸ்டன் நகராமலிருக்கப் பிளக் துவாரத்தால் சுத்தமான கயிற்றைச் செலுத்தி, நுனியை வெளியே விடுங்கள். பிஸ்டன் புகைவாயை மூடி மேலே ஏறிய பிறகே கயிற்றைப் போடவேண்டும், இல்லையேல் கயிறு வாயில் சிக்கி வெட்டுப்படும்.

சிலிண்டரில் ஒட்டியிருக்கும் அலுமினியத்தை மட்கடதாசியால் தேய்க்காதீர்கள். உட்சுவரின் கடினமான பூச்சு கெடும். கையுறை போட்டு, வெளியிடத்தில், பஞ்சுக் குச்சியால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒட்டிய இடத்தில் மட்டும் தடவினால் நுரைத்துக் கரையும். வாய்களின் ஓரத்தில் படவிடாதீர்கள். நுரை நின்றதும் அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவி, உடனே ஒயில் பூசுங்கள். பூட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்பு புகைவாயை நோக்கவேண்டும், பிஸ்டன் பின்னை நிறுத்தும் சேர்க்கிளிப் இரண்டும் புதியவையாக இருக்கவேண்டும்.

வீட்டுத் தென்னை விழுந்துவிட்டது. திருத்திய மெசினால் வெட்டினால் மாவாய் வருகிறது, வெட்டும் ஒருபக்கம் வளைகிறது. எரிந்த ஒயிலைப் பாருக்கு (செயின் ஓடும் தகட்டுக்கு) விடலாமா? – வாசகி, நிலாவெளி

மாவாய் வந்தால் செயின் மழுங்கல். தென்னையிலும் பனையிலும் இயல்பாகவே சிலிக்கா இருக்கிறது, பட்டையில் கடற்கரை மணலும் ஒட்டியிருக்கும். அடிமரத்தைத் தும்புத்தடியால் தட்டிக் கழுவிவிட்டு வெட்டுங்கள், அப்படியும் அடிக்கடி அரம் பிடிக்கவேண்டிவரும். அரத்தின் பருமன் செயினின் பிட்ச்சைப் (கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்) பொறுத்தது: 3/8 செயினுக்கு 5.2 மில்லிமீற்றர், .325க்கு 4.8, சின்ன மெசின்களின் ஒடுங்கிய 3/8க்கு 4.0, பெரிய .404க்கு 5.5. பெரும்பாலான செயினுக்கு அரம் பிடிக்கும் கோணம் 30 பாகை, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள். வெட்டு வளைவது ஒருபக்கப் பற்கள் மற்றப் பக்கத்தைவிடக் கட்டையாகிவிட்டதால். ஆகக் கட்டையான பல்லைத் தேடி, எல்லாவற்றையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். பாரையும் கழற்றி, மேடுதட்டிய ஓரத்தைத் தட்டையரத்தால் சமன்செய்து, மறுபுறம் திருப்பிப் பூட்டுங்கள்.

எரிந்த ஒயில் வேண்டாம். அதிலுள்ள உலோகத்தூள் ஒயில் பம்பைத் தின்னும், செயின் அதை உங்கள் உடுப்பிலும் கிணற்றடியிலும் தெறிக்கும். பார் ஒயில் இல்லையேல் புது எஸ்ஏஇ 30 எஞ்சின் ஒயில் விடுங்கள். வேகத்தில் ஓடவிட்டு, பார் நுனியை ஒரு மட்டைப் பெட்டிக்கு மேலே பிடித்தால் ஒயில் கோடு விழவேண்டும். விழாவிட்டால் பாரின் ஒயில் துவாரத்தைக் குத்தித் திறவுங்கள்.

அக்சிலேட்டரைத் தொடாமலே செயின் சுற்றுகிறது. – வாசகர், கந்தளாய்

அப்படியே வேலைக்கு எடுக்கவேண்டாம். ஐட்லிங் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே திருகி, செயின் நிற்க, எஞ்சின் நில்லாமல் ஓடும் இடத்தைப் பிடியுங்கள். எஞ்சின் அணைய வந்தும் செயின் நிற்காவிட்டால் கிளச் ஸ்பிரிங் தளர்ந்தோ உடைந்தோ இருக்கும். எல்லா ஸ்பிரிங்கையும் ஒன்றாக மாற்றுங்கள். அதோடு முன்கைப் பிரேக்கைப் போட்டு, அரை வேகத்தில் செயின் நிற்கிறதா என்றும் பாருங்கள்.