பஸ்ஸில் இயர்போன்: காது எவ்வளவு தாங்கும்?

தினமும் பஸ்ஸில் இயர்போன் போட்டுப் பாட்டுக் கேட்டால் காது கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சத்தத்தையும் நேரத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. 90 டெசிபலில் 4 மணி நேரம்தான்.

வீட்டில் போதுமான வால்யூம் பஸ்ஸில் போதாது, இன்ஜின் இரைச்சலை அமுக்க ஏற்றிவிடுவோம். வம்பே அங்கேதான். ரப்பர் முனை தளர்வாக இருந்தால் பாட்டின் பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) காணாமல் போகும், கை தானாக வால்யூமுக்குப் போகும். பெட்டியில் தூங்கும் மற்ற அளவு முனைகளை மாட்டிப் பாருங்கள். இறுக்கமாகப் பொருந்தினால் 60 சதவீத வால்யூமே தாராளம். கழற்றியதும் 'கொய்ங்' என்று கேட்டால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது. சத்தத்தை உணரும் உள்காதின் மயிர்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.