ஆயில் மாற்றும்போது வாஷரையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் ஹோண்டா சிட்டி காருக்கு நானே வீட்டில் ஆயில் மாற்றுகிறேன். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டில் உள்ள வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்கிறது கையேடு. ‘கசியாதவரை பழையதே போதும்’ என்கிறார் எனக்குத் தெரிந்த மெக்கானிக். எதைக் கேட்பது?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கையேட்டைக் கேளுங்கள். பழைய வாஷருடனேயே ஒரு சொட்டும் கசியாமல் ஓடும் கார்கள் ஏராளம் என்பதால், மெக்கானிக் சொல்வதிலும் அனுபவத்தின் நியாயம் உண்டு. ஆனால் உங்கள் காரில் இருப்பது அலுமினிய வாஷர். போல்ட்டை முடுக்கும்போது அது நசுங்கி, போல்ட்டின் தலைக்கும், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பின் முகத்துக்கும் இடையிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்புவதால்தான் ஆயில் அடைபடுகிறது. ஒருமுறை நசுங்கி இறுகிய உலோகம், அடுத்த முறை அதே அளவுக்கு இளகிக் கொடுக்காது.

கசிவைவிட, அதை நிறுத்த நாம் செய்யும் காரியமே எனக்குக் கவலை தருகிறது. பழைய வாஷரில் ஆயில் லேசாகத் துளிர்த்தால், ஸ்பானரை இன்னும் அரைச் சுற்று இழுக்கத்தான் கை போகும். போல்ட் எஃகாகவும் சம்ப் அலுமினியமாகவும் இருக்கும் வண்டிகளில், இப்படி இழுத்தால் முதலில் அழிவது சம்பின் மரைதான். அதன்பின் மரைக்குள் எஃகுச் சுருள் பதிக்க வேண்டும். அல்லது சம்பையே மாற்ற வேண்டும். இரண்டின் செலவுக்கு முன்னால் வாஷரின் விலை ஒரு பொருட்டே அல்ல. ஹோண்டாவின் பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றுக்கு இந்த போல்ட்டை முடுக்க வேண்டிய முறுக்கு அளவு ஏறக்குறைய 40 நியூட்டன் மீட்டர். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால், உங்கள் கையேட்டில் உள்ள அளவுடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதிய வாஷரைப் போடுமுன், பழையது சம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது நன்றாக நசுங்கிப் படிந்திருந்தால் கண்ணுக்குச் சம்பின் பகுதி போலவே தெரியும். அதன்மேல் இன்னொன்றைப் போட்டு முடுக்குபவர்கள் நிறைய.

எல்லா வண்டிகளுக்கும் ஒரே விதி கிடையாது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகள் பலவற்றில் வாஷர் போல்ட்டுடனேயே பிணைந்து வருவதால் போல்ட்டையே மாற்றச் சொல்கிறார்கள். எஃகு வளையத்தின் உள்விளிம்பில் ரப்பர் ஒட்டிய வகையில், ரப்பர் வெடிக்காமலும் கடினமாகாமலும் இருந்தால் மீண்டும் போடலாம்.

கேள்வி: செம்பு வாஷரைச் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம் என்கிறார்களே?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தட்டையான, கீறல் விழாத செம்பு வாஷராக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆயிலை முழுவதும் துடைத்துவிட்டு, மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சி, தண்ணீரில் போட்டாலும் சரி, காற்றிலேயே ஆறவிட்டாலும் சரி, செம்பு மென்மையாகிவிடும்; எஃகைப் போல, சட்டென்று குளிர்வதால் அது கடினமாகாது. மேலே படியும் கருப்பை நைசான உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். அலுமினியத்தில் இதை முயலாதீர்கள். அது சிவக்காமலேயே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், எப்போது நிறுத்துவது என்று கண்ணால் கணிக்க முடியாது.